புதுப்பிப்புச் சாளரம் திறந்ததும் மறைகிறது, டெர்மினலும் வரவில்லை (உபுண்டு 22.04)

எல்லைக்கடை (கொழிஞ்சாம்பாறை) கேட்டது:

வணக்கம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் தட்டச்சு, அச்சு, இணையவழி விண்ணப்பம் ஆகியவற்றைச் செய்து கொடுக்கும் சிறு கடை ஒன்றை நடத்துகிறேன். தமிழிலும் மலையாளத்திலும் மாறி மாறித் தட்டச்சு செய்யும் வேலை என்பதால், கடையின் முதன்மைக் கணினியில் உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி வைத்திருக்கிறேன். இதுவரை பெரிய தொல்லை எதுவும் வந்ததில்லை.

எங்கள் பக்கம் ஐப்பசி பிறந்துவிட்டால் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் இடி இறங்கும். மலையாளிகள் இதைத் துலாவர்ஷம் என்பார்கள். சென்ற ஞாயிறு அப்படி ஒரு இடியின்போது, புதுப்பிப்பு ஓடிக்கொண்டிருந்த நிலையிலேயே மின்சாரம் போய்விட்டது. யூபிஎஸ் பேட்டரி பழையது என்பதால் அரை நிமிடம்கூடத் தாங்கவில்லை.

மறுநாள் கணினி வழக்கம்போலத் தொடங்கியது. உலாவி, லிப்ரே ஆபீஸ், அச்சுப்பொறி எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. ஆனால் ‘சாஃப்ட்வேர் அப்டேட்டர்’ சாளரத்தைத் திறந்தால் ஒரு நொடி சட்டம் மட்டும் தெரிந்து மறைந்துவிடுகிறது. பிழைச்செய்தி எதுவும் காட்டுவதில்லை. கட்டளைகளைத் தட்டும் டெர்மினலைச் சொடுக்கினாலும் வட்டம் சற்று நேரம் சுழன்று, பிறகு ஒன்றும் நடக்காததுபோல் நின்றுவிடுகிறது.

கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தி, வரும் கறுப்புத் திரையில் ‘சூடோ ஆப்ட் அப்கிரேட்’ கொடுத்துப் பார்த்தேன். பொதிகளை (மென்பொருள் தொகுப்புகளை) நிறுவும் டிபிகேஜி பாதியில் தடைபட்டிருக்கிறது என்றும், ‘சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ’ கட்டளையை நானே ஓட்ட வேண்டும் என்றும் சொன்னது. ஓட்டினேன், சில பொதிகளைக் கடந்ததும் வரிசையாகப் பிழை காட்டி நின்றது. ‘ஆப்ட் அப்டேட்’ கொடுத்தால் பட்டியலெல்லாம் இறங்கி முடிந்த பிறகு, கடைசியில் ‘நோ மாட்யூல் நேம்ட் ஆப்ட்_பிகேஜி’ என்று வருகிறது. (கைபேசியிலிருந்து எழுதுவதால் எல்லாவற்றையும் ஒலிப்படி தமிழிலேயே தந்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

இடியில் ஹார்ட் டிஸ்க் கெட்டிருக்குமா? முழுவதையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவுவதுதான் வழியா? வாடிக்கையாளர்களின் கோப்புகள் நிறைய இருப்பதால் கை நடுங்குகிறது.

மின்மினி (கோபாலபுரம்) எழுதியது:

எனக்கும் ஒருமுறை இப்படி ஆனது. வார், லிப், டிபிகேஜி அடைவுக்குள் ‘லாக்’ என்று தொடங்கும் கோப்புகளை அழித்துவிட்டு ‘ஆப்ட் --ஃபிக்ஸ்-ப்ரோக்கன் இன்ஸ்டால்’ கொடுங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் மறுபடி நிறுவுவதே நேரம் மிச்சம்.

வேலந்தாவளம் வாத்தியார் எழுதியது:

கடைக்கார நண்பரே, தயவுசெய்து எதையும் அழிக்க வேண்டாம். மின்மினி தம்பி சொன்ன பூட்டுக் கோப்பு, வேறொரு நிரல் பொதிகளைக் கையாண்டுகொண்டிருக்கும்போது இன்னொன்று உள்ளே நுழையாமல் தடுப்பதற்காக இருப்பது. அந்தத் தடைக்கு உரிய செய்தியே தனி. அதில் ‘குட் நாட் கெட் லாக்’ என்று தெளிவாக வரும். உங்கள் செய்தியில் அது இல்லை. பூட்டே போடாத கதவின் பூட்டை உடைக்கப் போவானேன்?

ஹார்ட் டிஸ்க் மீதும் எனக்கு ஐயமில்லை. நீங்கள் எழுதியவற்றில் என்னை நிறுத்தியது, டெர்மினல் திறக்கவில்லை என்ற ஒரு வரிதான். மின்தடையால் டிபிகேஜி பாதியில் நிற்கலாம். அது அடிக்கடி நடப்பது. ஆனால் அதனால் டெர்மினல் திறக்காமல் போக வேண்டிய அவசியமில்லை. புதுப்பிப்புச் சாளரத்துக்கும் டெர்மினலுக்கும் பொதுவாக இருப்பது எது என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

இரண்டும் பைத்தான் என்ற நிரல்மொழியை நம்பியிருக்கின்றன. புதுப்பிப்புச் சாளரம் முழுக்கப் பைத்தானில் எழுதப்பட்டது. உபுண்டு 22.04-இல் டெர்மினலும் ஒரு சிறு பைத்தான் நிரலின் வழியாகத்தான் தொடங்குகிறது. பொதி மேலாளர்களில் ஆப்ட் சி++ மொழியிலும், டிபிகேஜி சி மொழியிலும் எழுதப்பட்டவை. ஆகவேதான் கறுப்புத் திரையில் அவை உங்களுக்குப் பதில் சொல்கின்றன. அதாவது, கெட்டுப்போயிருப்பது பொதி மேலாளர் அல்ல, அதற்கு முன்னால் நிற்கும் முகப்பு.

‘ஆப்ட்_பிகேஜி’ என்பது, பைத்தான் நிரல்கள் ஆப்டோடு பேசுவதற்கு இடையில் நிற்கும் துபாஷி. இது தொகுக்கப்பட்ட கூறு. 22.04-க்கு உரியது பைத்தான் 3.10 என்பதால் அந்தக் கோப்பின் பெயரிலேயே ‘சிபைத்தான்-310’ என்று இருக்கும். வேறு பதிப்புப் பைத்தான் வந்து தேடினால், கோப்பு கண்ணெதிரே இருந்தாலும் அதற்குத் தென்படாது. ‘அப்படி ஒன்று இல்லை’ என்றுதான் சொல்லும். ‘ஆப்ட் அப்டேட்’ முடிந்த பிறகு அந்தப் பிழை வருவதற்கும் இதுவே காரணம்: இல்லாத கட்டளையைத் தட்டும்போது எந்தப் பொதியை நிறுவலாம் என்று சொல்லும் வசதி, தன் பட்டியலைப் புதுப்பித்துக்கொள்ள அந்த இடத்தில் ஒரு பைத்தான் நிரலை ஓட்டுகிறது. பிழைச்செய்தி ஒன்றுமே வராமல் சாளரம் மறைகிறதே, அதற்கும் காரணம் உண்டு. நிரல் முறிந்ததை நமக்குத் தெரிவிக்க வேண்டிய ஆப்போர்ட்டும் பைத்தானில் எழுதப்பட்டதுதான். தீயணைப்பு வண்டியும் அதே பள்ளத்தில் விழுந்து கிடக்கிறது.

எனவே இரண்டு கேள்விகள். ஒன்று, கறுப்புத் திரையில் ‘எல்எஸ் -எல் /யூஎஸ்ஆர்/பின்/பைத்தான்3’ என்று சிறிய ஆங்கில எழுத்துகளில் தட்டினால், அம்புக்குறிக்கு வலப்பக்கம் என்ன வருகிறது? இரண்டு, அண்மையில் யாராவது அந்தக் கணினியில் புதிய பைத்தானை நிறுவினார்களா? கூடவே ‘டிஎஃப் -ஹெச்’ கொடுத்து, வட்டில் இடம் இருக்கிறதா என்றும் பார்த்துச் சொல்லுங்கள்.

எல்லைக்கடை எழுதியது:

ஐயா, நீங்கள் சொன்னபடி பார்த்தேன். வட்டில் பாதிக்கு மேல் காலியாக இருக்கிறது. பைத்தான்3-க்கு எதிரே ‘/ஈடிசி/ஆல்டர்நேட்டிவ்ஸ்/பைத்தான்3’ என்று வந்தது; அதையும் இதே கட்டளையால் பார்த்தபோது ‘பைத்தான்3.12’ என்று காட்டியது.

அதைப் பார்த்ததும் கோவையில் படிக்கும் என் அக்கா மகனைக் கைபேசியில் அழைத்தேன். தீபாவளி விடுமுறைக்கு வந்திருந்தபோது கல்லூரிச் செயல்திட்டத்துக்காக வெளிக் களஞ்சியம் ஒன்றிலிருந்து 3.12-ஐ நிறுவியதையும், ஒவ்வொரு முறையும் எண்ணைச் சேர்த்துத் தட்டச் சோம்பல்பட்டு ‘பைத்தான்3’ என்றாலே புதியது வரும்படி மாற்றிவிட்டதையும் ஒப்புக்கொண்டான். அதன் பிறகு, ஏற்கெனவே திறந்திருந்த அதே டெர்மினலில் ‘மாமாவுக்கு உதவியாக இருக்கட்டும்’ என்று புதுப்பிப்பையும் ஓட விட்டிருக்கிறான். அப்போதுதான் மின்சாரம் போனது. நான் இத்தனை நாளும் இடியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது 3.12-ஐ நீக்கிவிடலாமா?

வேலந்தாவளம் வாத்தியார் எழுதியது:

நீக்க வேண்டியதில்லை, பையனின் வேலை கெட வேண்டாம். 3.12 ஒரு பக்கம் இருந்துவிட்டுப் போகட்டும். ‘பைத்தான்3’ என்ற பெயர் மட்டும் 3.10-க்குத் திரும்ப வேண்டும். எந்த நிலையிலும் 3.10-ஐ நீக்கிவிடாதீர்கள். அதை நம்பியிருக்கும் பொதிகளையெல்லாம் ஆப்ட் கூடவே அள்ளிக்கொண்டு போகும், மேசைத்தளமே போய்விடும்.

வரிசை முக்கியம். முதலில் பைத்தான், பிறகு டிபிகேஜி. நீங்கள் ‘கான்ஃபிகர் -ஏ’ ஓட்டியபோது அது நடுவில் நின்றதற்கு இதுவே காரணமாக இருக்கும். ஒரு பொதியை நிறுவும்போது டிபிகேஜி முதலில் கோப்புகளை அவிழ்த்து உரிய இடங்களில் வைக்கிறது. பின்னர் அந்தப் பொதியோடு வந்த சிறு நிரலை ஓட்டி அமைத்து முடிக்கிறது. அந்த நிரல்களில் பல ‘பைத்தான்3’-ஐ அழைப்பவை. அழைத்தவுடன் 3.12 எழுந்து வந்தால், பழைய பதிப்பை எதிர்பார்த்து எழுதப்பட்டவை தடுமாறும். 3.12-இல் ‘டிஸ்ட்யூட்டில்ஸ்’ என்ற பழைய கூறே எடுக்கப்பட்டுவிட்டது என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

கறுப்புத் திரையிலேயே செய்யுங்கள். முதலில் ‘சூடோ அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ் --ரிமூவ்-ஆல் பைத்தான்3’. இது மருமகன் போட்ட மாற்றுப் பாதையை எடுத்துவிடும். அந்த நொடியில் ‘பைத்தான்3’ என்ற பெயரே கணினியில் இருக்காது என்பதால் தேநீர் குடிக்கப் போய்விடாமல், உடனே ‘சூடோ எல்என் -எஸ்எஃப் பைத்தான்3.10 /யூஎஸ்ஆர்/பின்/பைத்தான்3’ என்று கொடுங்கள். ‘பைத்தான்3 --வெர்ஷன்’ கேட்டால் 3.10 என்று தொடங்கும் எண் வர வேண்டும். அது வந்த பிறகு மட்டுமே ‘சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ’, அதைத் தொடர்ந்து ‘சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-ப்ரோக்கன் இன்ஸ்டால்’. முடிவில் ‘சூடோ டிபிகேஜி --ஆடிட்’ கொடுத்தால், அரைகுறையாக நிற்கும் பொதி ஏதேனும் இருந்தால் பெயரைச் சொல்லும். ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரிக்கு வந்துவிட்டால் எல்லாம் சரி.

நடுவில் ஏதாவது ஓர் அமைப்புக் கோப்பைப் பற்றிக் கேள்வி கேட்டு நிற்கலாம். நீங்கள் கையால் மாற்றியிருக்கும் கோப்பு என்றால் ‘என்’ என்ற ஆங்கில எழுத்தை அழுத்தி உங்களுடையதையே வைத்துக்கொள்ளுங்கள்.

செங்கோட்டை ரயிலடி எழுதியது:

வாத்தியார் சொன்னதில் சேர்க்க ஒன்றே ஒன்று. மின்தடைக்குப் பிறகு அரிதாக, எந்தப் பொதி எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதி வைத்திருக்கும் ‘/வார்/லிப்/டிபிகேஜி/ஸ்டேட்டஸ்’ கோப்பே வெறுமையாகிவிடுவதுண்டு. உங்களுக்கு அப்படி ஆகவில்லை; ஆகியிருந்தால் டிபிகேஜி இவ்வளவு தூரம் ஓடியிருக்காது. பின்னாளில் வேறு யாராவது இந்த இழையைத் தேடி வந்தால் உதவட்டும் என்று சொல்கிறேன்: அதே அடைவில் ‘ஸ்டேட்டஸ்-ஓல்ட்’ என்ற முந்தைய படியும், ‘/வார்/பேக்கப்ஸ்’ அடைவில் ‘டிபிகேஜி.ஸ்டேட்டஸ்’ என்று தொடங்கும் பழைய படிகளும் இருக்கும். அவற்றில் ஒன்றை நகலெடுத்து வைத்தால், மறுபடி நிறுவாமலேயே பெரும்பாலும் மீண்டுவிடலாம்.

மருமகனுக்கு ‘வென்வ்’ என்னும் தனிச்சூழலைக் கற்றுக்கொடுங்கள். அதற்குள் நுழைந்துவிட்டால் ‘பைத்தான்’ என்று தட்டினாலே அவனுக்கு 3.12 கிடைக்கும், கணினியின் மற்ற நிரல்களுக்கு அது தெரியவே தெரியாது.

எல்லைக்கடை எழுதியது:

நேற்றிரவு கடையை அடைத்த பிறகு, யூபிஎஸ்ஸுக்குப் புதிய பேட்டரி வாங்கிப் பொருத்திவிட்டே தொடங்கினேன். பைத்தான் 3.10-க்குத் திரும்பியதும், முன்பு நின்ற இடங்களையெல்லாம் ‘கான்ஃபிகர் -ஏ’ நிற்காமல் கடந்தது. ஓரிடத்தில் மட்டும் ஐந்து நிமிடம் அசையாமல் இருந்ததைப் பார்த்து நெஞ்சு திக்கென்றது. நிமிர்ந்து படித்தால், பக்கத்துக் கணினியோடு பகிர்வதற்காக நான் மாற்றி வைத்திருந்த அச்சுப்பொறி அமைப்புக் கோப்பைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருந்தது. ‘என்’ அழுத்தினேன். ‘ஆடிட்’ ஒன்றும் சொல்லவில்லை.

டெர்மினல் இப்போது ஒரே சொடுக்கில் திறக்கிறது. புதுப்பிப்புச் சாளரமும் வந்தது. வந்தவுடன் ஒரு நீண்ட பட்டியலைக் காட்டியது. ‘/வார்/லாக்/ஆப்ட்’ அடைவிலிருக்கும் பதிவேட்டில் பார்த்தால், அந்த ஞாயிற்றுக்குப் பிறகு தானாக நிறுவப்பட வேண்டிய பாதுகாப்புப் புதுப்பிப்பு ஒன்றுகூட நிறுவப்படவில்லை. இதுவும் பைத்தானால்தானா, ஐயா?

வேலந்தாவளம் வாத்தியார் எழுதியது:

ஆமாம். தானியங்கிப் புதுப்பிப்பைச் செய்யும் ‘அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ்’ நிரலும் அதே துபாஷியை அழைப்பதுதான். அது திரைக்குப் பின்னால் ஓடுவதால் முறிந்தது உங்கள் கண்ணுக்குப் படவில்லை. காட்டும் பட்டியலை முழுமையாக நிறுவி, ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள். இரண்டு நாள் கழித்து அந்தப் பதிவேட்டை மறுபடி திறந்து பாருங்கள். நீங்கள் தொடாமலேயே ஒரு பதிவு சேர்ந்திருந்தால் அதுவும் எழுந்துவிட்டது என்று பொருள்.

எல்லைக்கடை எழுதியது:

பட்டியல் முழுவதும் நிறுவியாயிற்று. நிலத்துக்குக் கரம் கட்டிய ரசீதை அச்சிட ஒருவர் காத்து நிற்கிறார். அவரை அனுப்பிவிட்டு மறுதொடக்கம் செய்கிறேன். வியாழக்கிழமை பதிவேட்டைப் பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.