மாத்திரைப் பழக்கத்துல இருந்து மீண்டவங்க, வீட்டாளுங்க: வடசென்னை அனுபவங்கள்

காசிமேட்டான்:
என் தம்பி மீன்பிடித் துறைமுகத்துல ஐஸ் பெட்டி தூக்குறவன். முதுகுவலிக்கு எவனோ கைல குடுத்தது டேபென்டடால், அபின் மாதிரி போதை ஏத்துற வலி மாத்திரை. ஆறு மாசத்துல அதையே கரைச்சு ஊசியா ஏத்திக்க ஆரம்பிச்சான், கையெல்லாம் சீழ். கடன் வாங்கி ஒரு தனியார் போதை மீட்பு இல்லத்துல மூணு மாசம் விட்டோம். கன்னத்துல சதை வெச்சு வந்தான். அம்மா வஞ்சிரம் வறுத்தாங்க.

நாலாவது நாள் ராத்திரி மாடியில குறட்டைச் சத்தம். ‘நல்லா தூங்குறான்’னு விட்டுட்டோம். தண்ணி குடிக்க எழுந்த அப்பா பார்த்தப்போ உதடு நீலம். மறுபடி ஊசி போட்டிருக்கான்; அது தூக்கக் குறட்டை இல்ல, மூச்சு அடங்குற சத்தம். 108-ல தூக்கிட்டு ஓடினோம். போதையை முறிக்கிற நலோக்சோன் ஊசி போட்டதும் மூச்சு திரும்புச்சு. ஊசியோட வேலை சீக்கிரம் இறங்கிடும், மறுபடி மூச்சு அடங்கலாம்னு ராத்திரி முழுக்கப் பக்கத்துலயே வெச்சுப் பார்த்தாங்க.

டாக்டர் சொன்னதுதான் இன்னும் மனசுல நிக்குது: நிறுத்தி வந்த உடம்புக்குப் பழைய தாங்கும் சக்தி இருக்காது, பழைய அளவே ஆளைக் கொல்லும். காசை எண்ணி வாங்குன இல்லத்துல இத ஒருத்தரும் சொல்லல.

இப்ப தினமும் சிகிச்சை மையத்துக்குப் போய், பழைய போதை ஏக்கத்தை அடக்குற புப்ரெநார்ஃபின் மாத்திரையை நாக்குக்கு அடியில வெச்சிக்கிறான். இலவசம். ‘ஒரு போதைக்கு இன்னொரு போதையா?’ன்னு சித்தப்பா நக்கல். அவரு இருபது வருஷமா சுகர் மாத்திரை முழுங்குறாரு!

தண்டையார்பேட்டை அக்கா:
தம்பி, அந்தக் குறட்டை எங்க வீட்லயும் கேட்டுது. எங்க மாமா, பிரவுன் சுகர்னு கலப்பட ஹெராயின் ஓடுன காலத்து ஆளு. போலீஸ் கேஸாயிடும்னு பயந்து ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போகல. 1985 போதைப்பொருள் சட்டத்துலயே 64ஏ-ன்னு ஒரு பிரிவு இருக்கு, போதைக்கு அடிமையானவங்க தானா சிகிச்சைக்கு வந்தா வழக்குலருந்து பாதுகாப்புன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. என்ன பிரயோஜனம்?

ராயபுரம் ரவுண்டு:
2025-ல ‘கலங்கரை’ன்னு தமிழ்நாடு முழுக்க 25 போதை மீட்பு மையம் தொறந்தாங்களே, நல்ல பேரு. ஆனா விசைப்படகுல போறவன் கரைக்கு வரவே நாளாகும். தினமும் வான்னா எப்படிண்ணே?

காசிமேட்டான்:
அதுக்காகத்தான் தம்பி கடலுக்குப் போகாம கரை வேலையிலயே நிக்கிறான். எல்லாருக்கும் முடியாது, ஒத்துக்கறேன். போதை மீட்பு உதவி எண் 14446-ல கேட்டுப் பாருங்க, போனுக்குக் காசில்லை. இவன் ஏலம் முடிஞ்சு அப்படியே மீன் வாடையோட போவான். நர்ஸக்கா மூக்கப் பொத்திக்கிட்டு, ‘வாயத் தொற, கரைஞ்சுதா பாப்போம்’பாங்க.