நூறு கனெக்டர் உள்ள பையா, விலை கூடினதா? கேட்6 வயருக்கு எதை நம்புவது

கடல்பக்கவீடு:
வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி. ஹோலில் ரவுட்டர், கடல் பக்க அறையில் கம்ப்யூட்டர். நடுவில் 22 மீட்டர் கேட்6 நெட்வொர்க் வயர், நானே இழுத்தது. அதன் முனையில் பூட்டும் பிளாஸ்டிக் கனெக்டர், புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கிய மலிவுப் பை. ஆறு மாதம் 1000 எம்பிபிஎஸ் வேகத்தில் ஓடிய லைன் இப்போது 100க்கு விழுந்துவிட்டது. டெஸ்டரில் உள்கம்பிக்கு ஒன்றாக எட்டு லைட்டும் எரிகிறது, வயரை ஆட்டினால் மட்டும் நான்காவது விட்டுவிட்டு எரிகிறது. நாலு மடங்கு விலை கொடுத்து வேறு கனெக்டர் வாங்கத்தான் வேண்டுமா அண்ணாமார்?

குறுக்குத்தெரு:
தேவையில்லை தம்பி. நான் கடைகளுக்கும் ஒஃபிஸ்களுக்கும் லைன் இழுக்கிறவன், அதே பைதான் பாவிக்கிறேன். பிழை கனெக்டரில் இல்லை, கையில். உள்ளே இருக்கிற எட்டு வயரும் கனெக்டரின் முனைவரை போகாமலே கிரிம்ப் அடித்திருப்பீங்க, அதாவது நசுக்கிப் பூட்டியிருப்பீங்க. பாஸ்-த்ரூ கனெக்டர் வாங்குங்க. வயர் முன்பக்கத்தால் வெளியே வரும், நிற வரிசையைக் கண்ணால் பார்த்துவிட்டு அடிக்கலாம். புதிதாகப் பழகுகிறவருக்கு அதைவிட நல்லது இல்லை.

செம்புக்கம்பி:
முனைவரை போகாத வயர் ஆறு மாதம் 1000 தராது அண்ணை, முதல் நாளே காட்டிக்கொடுத்திருக்கும். இவருக்கு ஆறு மாதம் கழிச்சுத்தான் விட்டிருக்கு.

கடல்பக்கவீடு, உங்கட வயருக்குள்ள ஒற்றைக் கம்பியா, மெல்லிய நூல் கம்பிகள் முறுக்கினதா? சுவரோட ஓடுற வயர் எண்டால் அநேகமா ஒற்றைக் கம்பி. கனெக்டரின்ர உலோகத் தகட்டில, அதாவது பின்னில, இருக்கிற பல்லைப் பாருங்கோ. இரண்டு பல் நேர்கோட்டில இருந்தால் அது நூல் கம்பிக்குச் செய்தது, கம்பிகளுக்கு நடுவால குத்தி இறங்கும். ஒற்றைக் கம்பிக்கு மூன்று பல், ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமுமா விலகி, கம்பியை இரண்டு பக்கமும் கவ்வும். நேர்ப்பல்லை ஒற்றைக் கம்பியில அடிச்சால் பல் சறுக்கி ஒரு பக்கம் போய் நிக்கும். அண்டைக்கு டெஸ்டர் பச்சை காட்டும். பிறகு சூட்டிலயும் அசைவிலயும் பிடி தளரும்.

100 ஓட 1, 2, 3, 6 ஆகிய நாலு பின் போதும். 1000க்கு எட்டும் வேணும். நான்காவது விட்டால் லைன் சாகாது, 100க்கு இறங்கும். இவர் சொன்ன அதே நோய்.

குறுக்குத்தெரு:
பையை அவிழ்த்துப் பல் எண்ண எந்தக் கடைக்காரர் விடுவார்? எல்லாம் பின்னில் 50 மைக்ரோன் தங்கப் பூச்சு என்றுதான் தருகிறார்கள்.

செம்புக்கம்பி:
ஒன்றை வாங்கி வெளிச்சத்தில பிடிச்சால் போதும், பிளாஸ்டிக் கண்ணாடி மாதிரித்தானே. அந்த 50உம் மைக்ரோன் கணக்கு இல்லை, அங்குலத்தின்ர பத்து லட்சத்தில 50 பங்கு. 1.27 மைக்ரோமீட்டர்தான். மலிவில வாறதுகளில அதில பத்தில் ஒன்றுகூட இருக்காது. அடிக்கடி கழற்றிப் பூட்டினால் தங்கம் தேஞ்சு கீழ உலோகம் தெரியும். கடற்காற்று வாற வீட்டில அது கறுத்துப்போக எவ்வளவு நாள்?

குறுக்குத்தெரு:
அதுவும் சரி, மறுக்கவில்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு கடையில் கறுத்த பின்களை நானே வெட்டி மாற்றியிருக்கிறேன். ஆனால் பாஸ்-த்ரூவை விட மாட்டேன். அதிலும் மூன்று பல் வருகிறது.

செம்புக்கம்பி:
வருது. உங்கட கிரிம்பரில வெளியே வந்த முனையை வெட்டுற பிளேட் கூர் மங்கினால் முன்பக்கம் செம்பு நூலாப் பிதுங்கி நிக்கும், பக்கத்துக் கம்பியைத் தொடும். கரண்டும் அதே வயரில போற கேமராவுக்கு நான் அதைப் போடவே மாட்டன்.

கடல்பக்கவீடு:
வெட்டிப் பார்த்துவிட்டேன். போனில் மேக்ரோ வைத்து எடுத்தேன். இரண்டு பல், நேர்கோடு. நான்காவது பின், நீல வயர்: பல் உறையைக் கிழித்து இறங்கியிருக்கிறது, கம்பியோ ஓரமாக ஒதுங்கி, ஒரு பக்கத்தில் கீறல் மட்டும். இன்னொன்று, வயரைக் கத்தியால் சுரண்டினேன், உள்ளேயும் செம்புதான், மலிவு வயர்களில் செம்புப் பூச்சுக்குள் இருப்பதுபோல் வெள்ளையாக அலுமினியம் வரவில்லை. தப்பித்தேன்.

செம்புக்கம்பி:
அப்ப வயரை வீசாதீங்கோ. கனெக்டர் வாங்கேக்க மூன்று பல்லோட, கேட்6 தடிப்புக்கு எண்டு கேளுங்கோ. கேட்6இல வாற 23 ஏடபிள்யூஜி (தடிப்பு அளவு) கம்பி உறையோட 1 மில்லிமீட்டரை ஒட்டி வரும், மெல்லிய வயருக்குச் செய்த கேட்5 கனெக்டரின்ர துளைக்குள்ள இறுகும். வெட்டித் துண்டு ஒன்றைக் கையோட கொண்டுபோய்க் கடையிலயே செருகிப் பாருங்கோ. சோடி சோடியா இருக்கிற கம்பிகளின்ர முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல அவிழ்க்க வேண்டாம். என்னைக் கேட்டால், கம்ப்யூட்டர் அறைச் சுவர் பக்கம் கனெக்டரே அடிக்காமல், வயர் செருகுற துளையுள்ள ஒரு ஜக் பெட்டி பூட்டி, அங்கயிருந்து கடையில வாங்கின குட்டி வயரால கம்ப்யூட்டருக்குக் குடுங்கோ. ஒற்றைக் கம்பி ஆட ஆடத்தான் முறியும்.

குறுக்குத்தெரு:
ஜக் பெட்டிக்கு நானும் சம்மதம். ரவுட்டர் பக்கத்துக்கு பாஸ்-த்ரூ போடட்டும், புது பிளேட் மாட்டின கிரிம்பர் வேண்டுமென்றால் சனிக்கிழமை நான் புறக்கோட்டையில்தான் நிற்பேன், வந்து வாங்கிப் போகலாம் தம்பி.

கடல்பக்கவீடு:
வருகிறேன் அண்ணா. வயர்த் துண்டும் கொண்டுவருவேன்.