பிக்சலை எடுத்த பிறகும் கிளினிக் தளத்திலிருந்து தகவல் போகிறது, அவசர உதவி தேவை

மாம்பலம்_மணி · செவ்வாய், இரவு 9:40
வணக்கம். மேற்கு மாம்பலத்தில் ஒரு மகளிர் கிளினிக்கின் தளத்தைப் பகுதிநேரமாக நான் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் தளத்தில் அப்பாயின்ட்மென்ட் போட்ட ஒரு பெண்ணின் மாமியார் போனில் குழந்தைப்பேறு சிகிச்சை விளம்பரமாக வந்து கொட்டியிருக்கிறது. டாக்டரைப் பார்க்கப் போவதை அவர் வீட்டில் இன்னும் சொல்லவில்லை. மாமியார் போனில் எதையும் தேடவும் இல்லையாம். இன்று ரிசப்ஷனில் வந்து அழுதுவிட்டுப் போனார்.
நேற்றே விளம்பர பிக்சலை (யார் எந்தப் பக்கத்தைப் பார்த்தார்கள் என்று விளம்பர நிறுவனத்துக்குச் சொல்லும் ஸ்கிரிப்ட்) எடுத்துவிட்டேன். குக்கி பேனரும் இருக்கிறது. ஆனாலும் இன்று பார்த்தால் குக்கி வந்து உட்காருகிறது. காலை 10 மணிக்கு டாக்டருக்குப் பதில் சொல்ல வேண்டும். யாராவது உதவுங்கள்.

பல்லாவரம்_பாலா · 9:46
கேஷ் அழித்தீர்களா? முதலில் அதைச் செய்யுங்கள் ப்ரோ. எனக்குத் தெரிந்து எப்போதும் அதுதான்.

தேன்மொழி_டெஸ்டர் · 9:53
மணி, பாதி விவரம் இல்லையே. தளம் எதில் ஓடுகிறது? பிக்சலை எங்கிருந்து எடுத்தீர்கள்? பேனரில் பட்டனை அழுத்தும் முன்பே குக்கி வருகிறதா, அழுத்திய பிறகா? அந்தப் பெண் எந்தக் கருவியில் பதிவு செய்தார்? எல்லாவற்றுக்கும் மேலே, மாமியார் பார்த்தது யாருடைய விளம்பரம்?

தாம்பரம்_டு_பீச் · 9:58
போன் நாம் பேசுவதைக் கேட்கிறது, அவ்வளவுதான். எங்கள் வீட்டில் வாஷிங் மெஷின் வாங்கலாமா என்று பேசினோம், மறுநாள் அதே விளம்பரம். அந்தப் பெண் வீட்டில் யாரிடமோ பேசியிருப்பார். மைக் அனுமதியை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

பழைய_நிரலர் · 10:07
மாதம் ஒருமுறை இந்தக் கேள்வி வருகிறது, மாதம் ஒருமுறை யாராவது மைக் என்கிறார்கள். அடிப்படையைப் படித்துவிட்டு வந்தால் எல்லோருக்கும் நேரம் மிச்சம்.
குக்கி 1994இல் நெட்ஸ்கேப்பில் லூ மோன்டுல்லி கொண்டுவந்தது. வந்தது நேற்று வந்தவர்தான் என்று தளத்துக்குத் தெரிய வேண்டும், கடைக்கூடையில் போட்ட பொருள் மறையக் கூடாது, அதற்காகத்தான். அது ஒரு சின்ன எழுத்துத் துண்டு, தானாக எதையும் வேவு பார்க்காது. உங்கள் பக்கத்துக்குள் வேறொரு நிறுவனத்தின் ஸ்கிரிப்ட்டை நீங்களே கூப்பிட்டு உட்கார வைக்கிறீர்கள். அந்த ஸ்கிரிப்ட், யார் எந்தப் பக்கத்தைத் திறந்தார்கள் என்று தன் சர்வருக்குச் சொல்கிறது. அதுதான் பிக்சல். குக்கியை அழிப்பதும் பிக்சலை நிறுத்துவதும் ஒன்றல்ல. மணிக்கு இந்த வேறுபாடு தெரிந்திருந்தால் கேள்வியே வேறு மாதிரி வந்திருக்கும்.

தேன்மொழி_டெஸ்டர் · 10:11
சொன்னது சரி சார். ஆனால் அவர் பதற்றத்தில் இருக்கிறார், கொஞ்சம் மெதுவாகச் சொல்லலாம்.

மாம்பலம்_மணி · 10:34
மன்னிக்கவும், கரண்ட் போய்விட்டது. வேர்ட்பிரஸ் தளம். டேக் மேனேஜரிலிருந்து (இப்படிப்பட்ட ஸ்கிரிப்ட்டுகளைத் தளத்தில் சேர்க்கும் கருவி) பிக்சலை எடுத்தேன். கேஷும் அழித்தாயிற்று. நிறுவனப் பெயர் எதையும் பொதுவில் எழுத வேண்டாம் என்று டாக்டர் சொன்னதால், பிக்சல் ஒரு சமூக வலைத்தளத்தினுடையது என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.
விளம்பரம் எங்கள் கிளினிக்கினுடையதுதான். கருத்தரிப்புப் பரிசோதனை சலுகை, போன மாதம் போட்டது. அந்தப் பெண் வீட்டு டேப்லெட்டில் பதிவு செய்தார். முடித்ததும் பிரவுசர் ஹிஸ்டரியை அழித்திருக்கிறார்.

வலைப்பின்னல் · 10:41
உங்கள் கிளினிக் விளம்பரம்தான் என்பதை முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டும் மணி. கதையே மாறுகிறது. அந்த டேப்லெட்டின் குரோமில் மாமியாரின் சமூக வலைத்தளக் கணக்கு லாகின் ஆகி இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள்.
இருந்திருந்தால் நடந்தது இதுதான். மருமகள் உங்கள் கருத்தரிப்பு சேவைப் பக்கத்தைத் திறக்கிறார். பிக்சல் அந்தப் பக்கத்தின் முகவரியை அனுப்புகிறது. கூடவே, அந்த பிரவுசரில் ஏற்கெனவே இருக்கும் சமூக வலைத்தளத்தின் சொந்த லாகின் குக்கியும் போகிறது. அந்த சர்வரைப் பொறுத்தவரை அந்தப் பக்கத்தைப் பார்த்தவர் மாமியார். நீங்கள் 'இந்தப் பக்கத்துக்கு வந்தவர்களுக்கு மறுபடியும் விளம்பரம் காட்டு' என்று பட்டியல் போட்டிருப்பீர்கள், அதில் மாமியார் கணக்கு சேர்ந்துவிட்டது. பட்டியல் கருவியைப் பார்ப்பதில்லை, கணக்கைப் பார்க்கிறது. அதனால்தான் டேப்லெட்டில் நடந்தது அவர் போனில் வந்து நின்றது. ஹிஸ்டரியை அழித்தால் டேப்லெட்டில் இருப்பதுதான் போகும், சர்வருக்குப் போனது போனதுதான்.

தாம்பரம்_டு_பீச் · 10:46
இது மைக்கைவிட மோசமாக இருக்கிறதே. இப்படி இன்னொரு நிறுவனத்தின் குக்கி கூடவே போவதை பிரவுசர்கள் நிறுத்திவிட்டன என்று படித்தேனே?

வலைப்பின்னல் · 10:52
எல்லாம் இல்லை. சஃபாரி 2020 மார்ச்சில் மூன்றாம் தரப்புக் குக்கிகளை முழுக்க அடைத்தது. ஃபயர்பாக்ஸ் 2022இல் ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனி டப்பா வைத்து, ஒரு தளத்தின் கீழ் போட்ட குக்கி இன்னொரு தளத்தில் தெரியாதபடி செய்தது. குரோமும் நிறுத்துவதாக 2020 ஜனவரியில் அறிவித்து, பலமுறை தள்ளிப்போட்டு, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. நம் ஊரில் ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் கையில் இருப்பது குரோம்.

பல்லாவரம்_பாலா · 10:55
அப்படியானால் பேனர் எதற்கு? மறுத்தால் நின்றுவிட வேண்டாமா?

தேன்மொழி_டெஸ்டர் · 11:03
அதைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். மணி, கம்ப்யூட்டரில் புது இன்காக்னிட்டோ ஜன்னல் திறந்து எஃப்12 அழுத்துங்கள். பக்கம் எங்கெல்லாம் கோரிக்கை அனுப்புகிறது என்று காட்டும் நெட்வொர்க் டேபைத் திறந்து வைத்துக்கொண்டு தளத்துக்குப் போங்கள். பேனரைத் தொடவே தொடாதீர்கள். அந்த நிறுவனத்தின் முகவரிக்கு ஏதாவது கோரிக்கை போகிறதா பாருங்கள். போனால் உங்கள் பேனர் வெறும் படம். திரையில் தெரியும், எதையும் தடுக்காது. நான் சோதித்த எத்தனையோ தளங்களில் பேனர் பிளக்கினை நிறுவியிருப்பார்கள், ஆனால் ஸ்கிரிப்ட்டுகளை அதனோடு இணைத்திருக்க மாட்டார்கள். 'மறுக்கிறேன்' அழுத்தினால் பேனர் மறையும், பின்னால் எல்லாம் வழக்கம்போல் ஓடும்.

மாம்பலம்_மணி · 11:15
போகிறது. பேனரைத் தொடும் முன்பே இரண்டு கோரிக்கை.

பழைய_நிரலர் · 11:19
நான் ஆரம்பத்தில் சொன்னதும் அதுதான். டேக் மேனேஜர் ஒன்றுதான் வாசல் என்று நினைத்துவிட்டீர்கள். தீமின் ஹெடர் கோப்பை, அதாவது எல்லாப் பக்கங்களின் தொடக்கத்திலும் சேரும் கோப்பைப் பாருங்கள். உங்களுக்கு முன்னால் தளத்தைக் கட்டியவர் பிக்சல் கோடை அங்கே நேரடியாக ஒட்டியிருப்பார். பிளக்கின் பட்டியலையும் பாருங்கள். ஒரே பிக்சல் இரண்டு மூன்று இடத்தில் இருப்பது சாதாரணம். அப்படி இருந்தால் உங்கள் எண்ணிக்கைகளும் இத்தனை நாள் இரட்டிப்பாகத்தான் வந்திருக்கும்.

தேன்மொழி_டெஸ்டர் · 11:27
இன்னொன்று. நெட்வொர்க் டேபைத் திறந்து வைத்துக்கொண்டே ஒரு பொய்ப் பெயரில் அப்பாயின்ட்மென்ட் போடுங்கள். கடைசியில் வரும் நன்றிப் பக்கத்தின் முகவரியை எழுத்து எழுத்தாகப் படியுங்கள்.

மாம்பலம்_மணி · 11:38
கேள்விக்குறிக்குப் பிறகு பெயர், போன் நம்பர், சேவையின் பெயர் எல்லாம் நீளமாக இருக்கிறது. இது தவறா?

தேன்மொழி_டெஸ்டர் · 11:45
பெரிய தவறு. பிக்சலைவிட இதுதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. படிவம் கெட் முறையில் அனுப்புகிறது, அதனால் நிரப்பியதெல்லாம் முகவரியிலேயே வந்து ஒட்டுகிறது. வருகையாளர்களை எண்ணி அறிக்கை தரும் கூகுள் அனலிட்டிக்ஸ் போட்டிருக்கிறீர்கள் அல்லவா? அது ஒவ்வொரு பக்கத்தின் முழு முகவரியையும் எடுத்துக்கொள்ளும். ஆளை அடையாளம் காட்டும் தகவலை அனுப்பக் கூடாது என்று அவர்கள் விதியிலேயே இருக்கிறது, அனுப்பாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது தளத்தின் பொறுப்பு. இப்போது ஒரு பெண்ணின் பெயரும் நம்பரும் கருத்தரிப்பு என்ற வார்த்தையும் ஒரே வரியில் உங்கள் அறிக்கையில் இருக்கும். திறந்து பாருங்கள்.
படிவத்தை இன்றிரவே போஸ்ட் முறைக்கு மாற்றுங்கள், அதில் நிரப்பியது முகவரியில் ஒட்டாது. அனலிட்டிக்ஸ் அமைப்பில் முகவரியின் அந்தப் பகுதிகளை மறைக்க வசதி இருக்கிறது, அதையும் போடுங்கள். ஏற்கெனவே போனதை நீக்கச் சொல்லித் தனியாகக் கோரிக்கை வைக்கலாம்.

வலைப்பின்னல் · 11:52
நன்றிப் பக்கத்திலும் பிக்சல் ஓடியதென்றால் அதே வரி அங்கேயும் போயிருக்கும். இது மாம்பலத்தில் மட்டும் நடக்கிற விஷயமில்லை. அமெரிக்காவில் குட்ஆர்எக்ஸ் என்ற மருந்துத் தள்ளுபடித் தளம் வாடிக்கையாளர்களின் உடல்நலத் தகவலை விளம்பர நிறுவனங்களோடு பகிர்ந்ததற்காக, 2023 பிப்ரவரியில் அந்நாட்டு வர்த்தக ஆணையம் 15 லட்சம் டாலர் அபராதம் கேட்டது. அதே ஆண்டு மே மாதம் கருமுட்டை நாளைக் கணிக்கும் ஒரு செயலி மீதும் நடவடிக்கை வந்தது. அவர்களும் இதே போன்ற கருவிகளைத்தான் வைத்திருந்தார்கள்.

அண்ணாநகர்_அகிலா · புதன், காலை 6:20
நான் டெவலப்பர் இல்லை. 11 வருஷமாக ஒரு ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனில் இருக்கிறேன். மணி தம்பி, உங்கள் பேனர் எந்த மொழியில் இருக்கிறது? குன்றத்தூர், பூந்தமல்லியிலிருந்து பஸ் ஏறி வரும் பெண்களுக்கு அதில் எழுதியிருப்பது புரியுமா? புரியாமல் 'ஏற்கிறேன்' அழுத்தினால் அது என்ன சம்மதம்?

மாம்பலம்_மணி · 6:48
முழுக்க ஆங்கிலம்தான் அக்கா. பிளக்கினோடு வந்ததை அப்படியே விட்டுவிட்டேன்.

வலைப்பின்னல் · 7:05
அகிலா கேட்டது சட்டத்திலேயே இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, சம்மதக் கோரிக்கையை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்க வழி தர வேண்டும். தமிழ் அதில் உண்டு. சம்மதம் கொடுப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும். விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை காத்திருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

பழைய_நிரலர் · 7:21
தமிழில் போடுவதென்றால் ஒழுங்காகப் போடுங்கள். குக்கிக்கு 'நினைவி' என்று நல்ல சொல் இருக்கிறது. தமிழ்ப் பேனரில் குக்கி என்று எழுதினால் பேக்கரி விளம்பரம் மாதிரி இருக்கும்.

அண்ணாநகர்_அகிலா · 7:30
நினைவி என்றால் என் கவுன்ட்டருக்கு வருகிற ஒருவருக்கும் புரியாது சார். குக்கியும் புரியாது. இரண்டும் வேண்டாம். நடக்கப் போவதை எழுதுங்கள்.

பழைய_நிரலர் · 7:34
புழங்கினால்தான் சொல் பழகும். கணினியும் மின்னஞ்சலும் ஒரு காலத்தில் யாருக்கும் புரியவில்லை. எல்லோரும் இப்படியே விட்டுவிட்டால் தமிழில் தொழில்நுட்பம் எழுதவே முடியாது.

பல்லாவரம்_பாலா · 7:41
ஆனால் சொல் பழகும் இடம் கிளினிக் படிவமா சார்? அங்கே வருபவர் கவலையோடு வருகிறார்.

பழைய_நிரலர் · 7:44
எங்கேயாவது தொடங்க வேண்டும். பாடப்புத்தகத்தில் போட்டால் மட்டும் போதுமா?

தேன்மொழி_டெஸ்டர் · 7:58
சொல் பற்றித் தனி இழை போடலாம், நானும் வருகிறேன். மணிக்கு 10 மணிதான் கெடு. அகிலா சொன்னபடி நான் எழுதிப் பார்த்தது: "நீங்கள் இந்தத் தளத்தில் எந்தப் பக்கத்தைப் பார்க்கிறீர்கள் என்ற தகவலை விளம்பர நிறுவனத்துக்கு அனுப்பலாமா? அனுப்பினால், இதே கருவியில் கணக்கு வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் எங்கள் விளம்பரம் தெரியக்கூடும். வேண்டாம் என்றாலும் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கும்." கீழே 'வேண்டாம்', 'சரி' என்று ஒரே அளவில் இரண்டு பட்டன்.

அண்ணாநகர்_அகிலா · 8:04
இது புரிகிறது. இதைப் படித்த பிறகு 'சரி' அழுத்துகிற பெண் ஒருத்தியைக் காட்டுங்கள். அதனால்தான் சொல்கிறேன், இந்த மாதிரி கிளினிக்கில் அந்தப் பிக்சலே வேண்டாம்.

வலைப்பின்னல் · 8:15
நானும் அதே கட்சி. எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணுவதில் எனக்குச் சிக்கல் இல்லை. சேவைப் பக்கங்களில் விளம்பர ஸ்கிரிப்ட் வேண்டாம். மணி, விளம்பரக் கணக்கில் இருக்கும் அந்தப் பார்வையாளர் பட்டியலை இப்போதே நீக்குங்கள், அதை நம்பி ஓடும் விளம்பரத்தையும் நிறுத்துங்கள். பிக்சலை எடுத்தாலும் பட்டியலில் ஏற்கெனவே சேர்ந்தவர்கள் அப்படியேதான் இருப்பார்கள், மாமியாருக்கு விளம்பரம் வந்துகொண்டேதான் இருக்கும். நோயாளிகளின் பிரவுசரில் மிச்சமிருக்கும் பிக்சல் குக்கியைப் பற்றிக் கவலை வேண்டாம். ஸ்கிரிப்ட் இல்லாவிட்டால் அதைப் படித்து அனுப்ப ஆள் இல்லை, 90 நாளில் தானே காலாவதியாகிவிடும்.

தாம்பரம்_டு_பீச் · 8:40
மைக் என்று சொன்னதற்கு மன்னிக்கவும். அந்தப் பெண்ணிடம் என்ன சொல்லப் போகிறீர்கள் மணி?

தேன்மொழி_டெஸ்டர் · 11:30
மணி, என்ன ஆயிற்று?

பல்லாவரம்_பாலா · மாலை 5:12
ஆளைக் காணோம்.

மாம்பலம்_மணி · வியாழன், இரவு 8:55
ஹெடர் கோப்பில்தான் இருந்தது, ஒரு பிளக்கினிலும் இருந்தது. எடுத்தாயிற்று. பேனரைத் தொடாமலே சோதித்தேன், எதுவும் போகவில்லை. பட்டியல், விளம்பரம் இரண்டும் நீக்கம். படிவம் போஸ்ட். அறிக்கையில் 212 பேரின் பெயர் இருந்தது, நீக்கக் கோரிக்கை வைத்திருக்கிறேன். டேப்லெட்டில் மாமியார் லாகின்தான். டாக்டரே அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, தவறு எங்களுடையது என்று சொன்னார். மற்ற 211 பேருக்கும் சொல்ல வேண்டும் என்கிறார், எப்படி என்று யோசிக்கிறோம். எல்லோருக்கும் நன்றி.

குரோம்பேட்டை_கீதா · வெள்ளி, காலை 7:10
இந்த இழையைப் படித்துவிட்டு எங்கள் ரத்தப் பரிசோதனை மையத்தின் தளத்தைத் திறந்து பார்த்தேன். நன்றிப் பக்கத்தின் முகவரியில் பரிசோதனையின் பெயர் வருகிறது, நோயாளியின் வயதும் வருகிறது. பெயர் இல்லை. வேர்ட்பிரஸ் இல்லை, யாரோ தனியாக எழுதிக்கொடுத்தது. எங்கிருந்து தொடங்க வேண்டும்?