ஆப்கன் கிராமங்களில் வேலை பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பாசனப் பொறியாளர், சிவகங்கை

வணக்கம். 2007 முதல் 2010 வரை மசாரே ஷெரீப்பில் ஒரு தொண்டு நிறுவனத்தில் இருந்தேன். ஆப்கானிஸ்தான் என்றாலே நம் ஊரில் தாலிபான், குண்டு, அமெரிக்கா என்று மூன்று சொல்லில் பேச்சு முடிந்துவிடுகிறது. நான் நேரில் பார்த்த சண்டைகளில் பெரும்பாலானவை வாய்க்காலுக்கும் வரப்புக்கும் நடந்தவை. அவற்றை அந்த ஊர்க்காரர்கள் எப்படித் தீர்த்துக்கொண்டார்கள் என்பது எனக்கு அங்கே கிடைத்த பெரிய படிப்பு. இங்கே அந்த நாட்டில் வேலை பார்த்த சிலர் இருக்கிறீர்கள். என்னுடையதை முதலில் சொல்கிறேன், நீங்களும் எழுதுங்கள்.

பல்காப் ஆறு பாமியானில் பந்தே அமீர் ஏரிகளில் புறப்பட்டு வடக்கே இறங்கி, பல்க் சமவெளியில் விசிறிபோலப் பிரியும். வடக்கு எல்லையில் ஓடும் அமு தரியா நதியைத் தொடாமலே வற்றிவிடும். அந்தப் பாசனத்துக்கு ஹஜ்தா நஹர் என்று பெயர், பதினெட்டு வாய்க்கால் என்று அர்த்தம். தலைமடையில் நெல் போட்டால் கடைமடையில் கோதுமையும் முலாம்பழமும் காயும். காவிரி டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தண்ணீரைப் பங்கிடுபவர் மிராப். எங்கள் கண்மாய்க்கு நீர்க்கட்டி எப்படியோ அப்படித்தான். ஊர் கூடித் தேர்ந்தெடுக்கும், கூலி அறுவடைக்குப் பிறகு கோதுமையாக வரும். தூர்வார வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும், அதற்கு ஹஷர் என்று பெயர். என் தாத்தா சொன்ன குடிமராமத்துக் கதைகளை அங்கேதான் கண்ணால் பார்த்தேன்.

2008இல் பனி குறைவு, வடக்கு முழுக்க வறட்சி. கடைமடை ஊரார் ராத்திரியில் போய், மேல் ஊரார் தழையும் கல்லும் வைத்துக் கட்டியிருந்த அணையைப் பிரித்துவிட்டார்கள். மண்வெட்டியால் அடித்துக்கொண்டதில் கடைமடைக்காரர் ஒருவருக்கு மண்டை உடைந்து, மூன்றாம் நாள் இறந்துபோனார். எங்கள் அலுவலகம் என்னை அனுப்பியது. நான் வரைபடத்தையும் நீரளவுக் கணக்கையும் எடுத்துக்கொண்டு போனேன்.

இரண்டு மணி நேரம் பச்சைத் தேநீரும் சர்க்கரை பூசிய பாதாமும்தான். ஆட்டு விலை, யாருடைய மகனோ ஈரானில் கூலி வேலைக்குப் போனது, என் அப்பா அம்மா நலம். பொறுமை இழந்து நான் வரைபடத்தை விரித்தேன். மூத்தவர் ஒருவர் தேநீர்க் கெண்டியை எடுத்து அதன் மேல் வைத்தார். கெண்டியின் சூட்டில் அந்த இடம் மட்டும் சுருங்கியது. “இன்ஜினியர் சாஹிப், தண்ணீர் எவ்வளவு என்று எங்களுக்குத் தெரியும். செத்தவனின் அம்மாவுக்கு யார் போய்ப் பதில் சொல்வது என்றுதான் பேசிக்கொண்டிருக்கிறோம்” என்றார். அதுவரை நாங்கள் ஆட்டு விலை பேசுவதாகத்தான் நான் நினைத்திருந்தேன்.

மூன்று வாரம் ஆனது. இரண்டு ஊரையும் சேராத வெண்தாடிகள் (ரீஷ் சஃபீத் என்பார்கள்) நடந்து நடந்து பேசினார்கள். கடைசியில் மேல் ஊர்ப் பெரியவர்கள் ஆடும் அரிசி மூட்டையுமாக இறந்தவர் வீட்டு வாசலுக்குப் போனார்கள். அதற்குப் பிறகுதான் தண்ணீர்ப் பேச்சே வந்தது. அது அரை மணி நேரத்தில் முடிந்தது: வாரத்துக்கு இரண்டு ராத்திரி கடைமடைக்கு, அணையில் இரண்டு ஊரிலிருந்தும் ஒவ்வொருவர் காவல். ஒரு விடியற்காலையில் போய்ப் பார்த்தேன். ஒரே கயிற்றுக் கட்டிலில் தலைமாட்டுக்கு ஒருவர், கால்மாட்டுக்கு ஒருவர் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

நாங்கள் இரும்பு மதகு போட்டுத் தருவதாகச் சொன்னோம். மிராப் வேண்டாம் என்றார். “மதகுக்குப் பூட்டு வரும், பூட்டுக்குச் சாவி வரும், சாவி யார் வீட்டில் இருக்கும்?” தழை அணை என்றால் எல்லாரும் சேர்ந்து கட்ட வேண்டும், ஒருவன் திருடினால் எல்லார் கண்ணிலும் படும். நான் படித்த படிப்பில் இந்தப் பாடம் இல்லை.

மட்டக்களப்பு அக்கா

தம்பி, கெண்டிக் கதை வாசித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் 2009–2011 நங்கர்ஹாரில் தேசிய ஒருமைப்பாட்டுத் திட்டத்தோடு சேர்ந்து வேலை செய்தனான். 2003இல் தொடங்கிய திட்டம் அது. ஊரவர்களே இரகசிய வாக்கில் ஒரு சபையைத் தெரிவு செய்வார்கள், குடும்பத்துக்கு 200 டொலர் கணக்கில் ஊருக்கு ஆகக்கூடியது 60,000 டொலர். பெண்களுக்கும் பங்கு இருக்க வேண்டும் என்பது விதி. பெரும்பாலும் வேறொரு வீட்டில் பெண்கள் தனியாகக் கூடுவார்கள்.

பஷ்தோவில் தர்பூர் என்றொரு சொல். அப்பாவின் சகோதரன் மகன் என்று அர்த்தம்; எதிராளி என்றும் அதே சொல்லுக்கு அர்த்தம். எங்கட பங்காளி மாதிரியே. பாட்டன் காணியைப் பிரித்துக்கொள்கிறவன்தானே முதல் எதிராளி. நான் பார்த்ததும் பங்காளிச் சண்டைதான். மூன்று ஜெரிப் நிலம், எங்கட கணக்கில் ஒன்றரை ஏக்கர். அதற்காக ஒருவனைச் சுட்டுப் போட்டார்கள். ஒரு பக்கம் அரசாங்கத்தில் ஆள் பிடித்தது, மற்றப் பக்கம் தாலிபானிடம் போனது. வெளியில் இருந்து பார்த்தால் அரசியல் சண்டை. உள்ளே வேலித் தகராறு. யுத்தத்துக்குள்ளே வளர்ந்தவளுக்கு அது உடனே விளங்கியது.

ஜிர்கா, அதாவது பெரியவர்கள் கூடித் தீர்ப்புச் சொல்லுகிற சபை, கூடியது. இரண்டு தரப்பும் தீர்ப்புக்குக் கட்டுப்படுவதற்குப் பிணையாகத் துவக்குகளும் காசும் வைத்தார்கள், அதற்கு மச்சல்கா என்று பேர். இரண்டாம் நாள் ‘பாத்’ என்ற பேச்சு வந்தது. கொன்றவன் குடும்பத்திலிருந்து ஒரு பெண்பிள்ளையை இறந்தவன் குடும்பத்துக்குக் கொடுக்கிறது. அன்றைக்கு மத்தியானம் பெண்கள் பகுதியில் சாப்பிட இருந்தபோது ஒரு பிள்ளை செம்பும் தட்டமும் கொண்டுவந்து என் கைக்குத் தண்ணீர் வார்த்தாள். பத்து வயது இருக்கும். செம்பின் பாரத்தில் கை நடுங்கியது. அவளைத்தான் கொடுக்கப் போகிறார்கள் என்று பின்னேரம்தான் எனக்குச் சொன்னார்கள்.

2009 ஓகஸ்டில் வந்த பெண்கள் மீதான வன்முறை ஒழிப்புச் சட்டம் ‘பாத்’ கொடுப்பதைக் குற்றமாக்கியிருந்தது. அந்த ஊரில் ஒருவரும் அந்தச் சட்டத்தைப் பற்றிக் கதைக்கவில்லை. பிள்ளையைக் காப்பாற்றியது இறந்தவனின் தாய். “அந்த முகத்தைத் தினமும் என் அடுப்படியில் பார்க்க எனக்கு ஏலாது” என்று பெண்கள் சபையில் சொன்னா. அந்தச் சொல் அவவின் தம்பிக்குப் போய், தம்பி ஊடாக ஜிர்காவுக்குப் போனது. பிள்ளைக்குப் பதிலாக அந்த மூன்று ஜெரிப்பும் கைமாறியது. தீர்ப்பை வாசித்தவர்கள் பெண்கள் சொன்னதாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்தத் தாய்க்கும் அது தேவைப்படவில்லை.

இப்ப நினைத்தால் வயிறு எரிகிறது. 2021 டிசம்பரில் தாலிபான் தலைமையே, பகை தீர்க்கப் பெண்ணைக் கொடுக்கக் கூடாது என்று ஆணை போட்டது. அடுத்த டிசம்பரில் ஆப்கன் பெண்கள் தொண்டு நிறுவனங்களில் வேலை செய்யத் தடை போட்டது. அப்படியென்றால் அந்தத் தாயின் வீட்டுக்குள்ளே போய் அவவின் வாயால் கேட்கிறது யார்? நான் அந்த வீட்டுக்குள்ளே போக முடிந்ததே எங்களுடன் வேலை செய்த ஜலாலாபாத் பிள்ளைகள் இரண்டு பேரால்தான்.

லாரி ஏற்பாடு பார்த்தவன்

அக்கா, நானும் 2010இல் ஜலாலாபாத்தில் சரக்கு அனுப்பும் வேலையில் இருந்தேன். சுருக்கமாக ஒன்று. அந்த ஜனவரியில் ஷின்வாரி என்ற பஷ்தூன் குலத்துப் பெரியவர்கள் தாலிபானை எதிர்ப்பதாக ஒப்பந்தம் போட்டார்கள். அமெரிக்கப் படை வளர்ச்சிப் பணிக்குப் பத்து லட்சம் டாலர் தருவதாகச் சொன்னது. பத்திரிகைகளில் பெரிய செய்தி. கொஞ்ச நாளிலேயே அச்சின் மாவட்டத்தில் ஷின்வாரியிலேயே இரண்டு கிளைகள், அலிஷேர் கேலும் சிபாயும், பழைய நிலத் தகராறில் சுட்டுக்கொண்டார்கள்.

எங்கள் டிரைவர்கள் அந்தப் பக்கம் வண்டி எடுக்க மறுத்தார்கள். “தாலிபானுக்கா பயம்?” என்று கேட்டேன். “இல்லை, அண்ணன் தம்பிக்கு” என்றார் ஒருவர். ஒரு குலத்தோடு ஒப்பந்தம் என்று கையெழுத்து வாங்கியவர்களுக்கு அந்தக் குலத்துக்குள்ளே யாருக்கு யார் ஆகாது என்று தெரியவில்லை. டிரைவருக்குத் தெரிந்திருந்தது. அவரைக் கேட்டிருக்கலாம்.

ஐ.நா.வில் இருந்தவர், சென்னை

எல்லாச் சண்டையும் தீரும் என்று படிப்பவர்கள் நினைத்துவிடக் கூடாது, அதனால் தீராத ஒன்றைச் சொல்கிறேன். வர்தக் மாகாணத்தில் பெஹ்சூத். அங்கே குடியிருப்பவர்கள் ஹசாரா இனத்தவர். பனி உருகியதும் ஆடு, ஒட்டகத்தோடு குச்சிகள் மேலேறி வருவார்கள். நாடோடிப் பஷ்தூன்கள். 2007, 2008, 2010 மூன்று ஆண்டும் மோதல், உயிர்ச்சேதம், வீடுகள் எரிப்பு.

வேர் எங்கே இருக்கிறதென்றால் 1890களில். அமீர் அப்துர் ரஹ்மான் ஹசாராக்களை அடக்கிய பிறகு அவர்களுடைய மேய்ச்சல் நிலங்களைக் குச்சிகளுக்கு எழுதிக் கொடுத்தார். 1979க்குப் பிறகு வந்த போர்க் காலத்தில் அந்த வழி அடைபட்டது. பிறகு மறுபடி திறந்தது.

2010இல் காபூலில் இரு தரப்புப் பெரியவர்களையும் தனித்தனியே சந்தித்தோம். குச்சிப் பெரியவர் இடுப்பில் கட்டியிருந்த தோல் பையிலிருந்து மடித்து மடித்துக் கிழிந்த ஒரு காகிதத்தை எடுத்தார். அமீர் காலத்து ஃபர்மானின் (அரச ஆணையின்) நகல் என்றார். கையில் கொடுக்கவில்லை, தான் பிடித்துக்கொண்டே காட்டினார். மறுநாள் ஹசாரா ஆசிரியர் ஒருவர் சொன்னார்: “அவர்களுக்கு அது பட்டா. எங்கள் கொள்ளுத்தாத்தாவைக் கொன்றவன் எழுதிக் கொடுத்த காகிதம் அது. அதை வைத்துக்கொண்டு எங்களோடு எப்படிப் பேசுவார்கள்?”

இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. குச்சிக்கு அந்தப் புல் இல்லாவிட்டால் ஆடு செத்துவிடும். ஹசாராவுக்கு அந்தச் சரிவில்தான் குளிர்காலத்துக்கு எரிக்க முள்ளும் தீவனமும். ஒவ்வொரு முறையும் அரசு உத்தரவு போட்டு அந்த ஆண்டுக்குக் குச்சிகளைக் கீழே இறக்கும், பேச்சு அதோடு நிற்கும், அடுத்த வசந்தம் வரும். பொறியாளர் சார் சொன்னது போல வெண்தாடிகள் தீர்க்க வேண்டுமானால் இரண்டு பக்கமும் மதிக்கிற மூன்றாவது ஊர் ஒன்று வேண்டும். அங்கே அப்படி ஒரு ஊர் இல்லை. அரசையே ஒரு தரப்பாகத்தான் ஹசாராக்கள் பார்த்தார்கள், நூற்றாண்டுக்கு மேலான காரணத்தோடு.

பாசனப் பொறியாளர், சிவகங்கை

அக்கா, அந்தப் பிள்ளையின் கை நடுக்கத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து போய்விட்டேன். சென்னை சார் சொன்னதும் சரி. என் கதை முடிந்ததற்குக் காரணம் நடுவில் ஒரு மூன்றாவது ஊர் இருந்ததுதான். நான் அதை அப்போது கவனிக்கவில்லை.

பல்க்கில் என்னோடு வேலை பார்த்த நண்பர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். 2022இல் கால்தர் மாவட்டத்தில் அமு தரியாவிலிருந்து கோஷ் தெப்பா கால்வாயை வெட்டத் தொடங்கினார்கள், திட்டப்படி 285 கிலோமீட்டர். பல்க், ஜவ்ஸ்ஜான், ஃபார்யாப் மூன்று மாகாணத்துக்கும் தண்ணீர் போகும் என்கிறார்கள். அவர் எனக்கு ஒரு படம் அனுப்பினார். மணல் பறக்கும் பெரிய வெட்டு, கரையில் ஒரு முதியவர் மண்வெட்டியை ஊன்றி நிற்கிறார்.

கீழே நண்பர் எழுதியிருந்தார்: “ஊரில் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள். இதற்கு மிராப் யார்?”

பதில் தெரியுமா என்று திருப்பிக் கேட்டேன். இன்னும் எழுதவில்லை.