ஹைட்ரஜன் சல்பைடு: இரண்டாவது பிரிகை மாறிலிக்கு எந்த மதிப்பைச் சொல்வது?

வணக்கம். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். ஹைட்ரஜன் சல்பைடு ஒரு வலிமை குறைந்த அமிலம். சோடியம் ஹைட்ராக்சைடுடன் சோடியம் ஹைட்ரோசல்பைடு, சோடியம் சல்பைடு என இரண்டு உப்புகள் தரும். இதுவரை சரி.

முதல் பிகேஏ (அமிலம் எவ்வளவு பிரிகிறது என்பதைக் காட்டும் எண்; மதிப்பு கூடினால் பிரிகை குறைவு) சுமார் 7. இரண்டாவதுதான் தலைவலி. பழைய புத்தகங்களில் 13, 14. பிந்தைய ஆய்வுகளில் 17க்கும் மேல். அப்படியானால் சோடியம் சல்பைடைத் தண்ணீரில் கரைத்தால் சல்பைடு அயனி மிஞ்சவே மிஞ்சாதே, கிட்டத்தட்ட எல்லாமே ஹைட்ரோசல்பைடுதானே!

அப்புறம் உப்புப் பகுப்பாய்வு (அந்த அழுகிய முட்டை நாற்றத்தை யார் மறப்பார்கள்). ஹைட்ரஜன் சல்பைடு வாயுவைச் செலுத்தினால் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலேயே காப்பர் சல்பைடு வீழ்படிவாகிறது, ஜிங்க் சல்பைடுக்கு அம்மோனியா வேண்டும். இதைச் சல்பைடு அயனிச் செறிவை வைத்தே விளக்கலாமா? ஹைட்ரோசல்பைடை வைத்துச் சமன்பாடு எழுதிப் பழகியவர்கள் ஒரு எடுத்துக்காட்டு கொடுங்களேன்.