புதுப்பிப்பு: ஈற்றுக்காலம் முடிந்தது, மந்தையைக் குறைக்கிறேன்

சினையாக இருப்பதாக நினைத்த 22 செம்மறிகளையும் குட்டிகளையும் என் மேய்ச்சல் நிலம் தாங்குமா என்று முன்பு கேட்டிருந்தேன். தாங்காது என்று இப்போது தெரிகிறது.

20 ஆடுகள் ஈன்றன. அதில் 8 இரட்டை, மொத்தம் 28 குட்டிகள். இரண்டு இறந்துவிட்டன. அதில் ஒன்று இன்னும் மனதை உறுத்துகிறது. இரட்டையில் இரண்டாவதாகப் பிறந்தது, தாய் நக்கவே இல்லை, நான் பார்த்தபோது உடம்பு சில்லென்று இருந்தது. செம்மறியில் நோய் எதிர்ப்புச் சக்தி கருவிலேயே குட்டிக்குப் போவதில்லை, சீம்பால் வழியாகத்தான் போகும். நேரம் போகப்போகக் குடல் அதை உறிஞ்சும் திறன் குறைந்து, ஒரு நாளில் அநேகமாக நின்றுவிடும். அடுத்து வந்த பலவீனமான குட்டிக்கு, முதலில் உடம்பைச் சூடேற்றி, உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லி கணக்கில் குழாய் வழியாகச் சீம்பால் கொடுத்தேன். இப்போது துள்ளுகிறது!

சரி, மந்தை. சினைப்பிடிக்காத இரண்டு, மடி கட்டியானது ஒன்று, பல் விழுந்த கிழடு ஒன்று என நான்கையும் கழிக்கிறேன். கிடாக்குட்டிகளை நான்கு மாதத்துக்குள் பிரித்துவிடுவேன். அப்புறம், அடுத்த முறை பொலிகிடாவை 35 நாள் மட்டுமே விடப்போகிறேன். பெட்டை ஆட்டின் சினைப்பருவச் சுழற்சி சுமார் 17 நாள் என்பதால் இரண்டு சுற்று கிடைக்கும், ஈற்றும் இழுத்துக்கொண்டே போகாது.