சமவெளியில் திணறி, ஏற்காட்டில் சீராகும் புல்லட்: கார்புரேட்டரில் எதைத் திருத்துவது?

அஸ்தம்பட்டி புல்லட்:
வணக்கம். என்னிடம் இருப்பது வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட பழைய புல்லட் 350. அண்மையில் அதன் ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டுக் கூம்பு வடிவ ஃபில்டரும் தடையில்லாத சைலன்சரும் பொருத்தினேன். அன்று முதல் அரைத் திராட்டிலில் (ஆக்ஸிலரேட்டரைப் பாதி திருகிய நிலையில்) வண்டி வெட்டி வெட்டி இழுத்ததால், மெக்கானிக் ஒருவர் கார்புரேட்டரில் பெட்ரோல் பாயும் துளையான மெயின் ஜெட்டை 90 என்ற அளவிலிருந்து 110க்கு மாற்றினார். ஆயினும் அரைத் திராட்டிலில் திணறல் அப்படியே இருக்கிறது. முழுத் திராட்டிலிலோ எஞ்சின் கம்மிக் கரும்புகை தள்ளுகிறது. விந்தை என்னவென்றால், ஏற்காட்டுக்கு ஏற ஏற அந்தத் திணறல் தானாகக் குறைந்து, ஏரிக்கரையில் வண்டி சீராக ஓடுகிறது. முழுத் திராட்டிலில் மட்டும் அங்கே இன்னும் மோசம். மலையிறங்கும்போது சைலன்சரில் படபடவென வெடிக்கிறது. கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார்கள். அது தேவையா?

குகை பட்டறை:
தேவையில்லை, தம்பி. எங்கே பழுது என்பதை மலையே உங்களுக்குக் காட்டிவிட்டது. சேலம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும் ஏற்காடு ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்திலும் இருப்பதால், மேலே காற்றின் அடர்த்தி பத்து விழுக்காட்டுக்கும் சற்றுக் கூடுதலாகக் குறைகிறது. காற்று குறையும் அளவுக்குக் கார்புரேட்டர் பெட்ரோலைக் குறைப்பதில்லை. ஆகவே உயரம் கூடக் கூடக் கலவை ரிச்சாகும், அதாவது அதில் பெட்ரோல் மிகும். மேலே போனதும் குணமாகும் குறை, கீழே லீனாக, அதாவது பெட்ரோல் குறைவாக, இருந்த குறை. மேலே போனதும் முற்றும் குறை, கீழேயே ரிச்சாக இருந்த குறை. அதாவது, உங்கள் வண்டியில் அரைத் திராட்டிலில் பெட்ரோல் போதவில்லை. முழுத் திராட்டிலில் மிகுதி.

இரண்டும் ஒரே வண்டியில் எப்படி என்று கேட்கலாம். திராட்டிலின் கடைசிக் கால் பங்கில்தான் மெயின் ஜெட்டின் ஆட்சி முழுமையாக நடக்கிறது. கால் முதல் முக்கால் வரை பெரும்பாலும் திராட்டிலோடு ஏறி இறங்கும் ஸ்லைடில் தொங்கும் ஊசியான நீடில்தான் பெட்ரோலை அளக்கிறது. நடுவில் வந்த குறைக்கு மெயின் ஜெட்டைப் பெரிதாக்கியதால் அந்தக் குறை தீராமல், முழுத் திராட்டிலில் புதிய குறை சேர்ந்துகொண்டது. நீடிலைப் பிடித்திருக்கும் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்குங்கள். நீடில் உயர்ந்து அரைத் திராட்டில் கலவை ரிச்சாகும். மெயின் ஜெட்டை 100க்கு இறக்கிப் பாருங்கள். எதையும் கழற்றுவதற்கு முன், சமவெளிச் சாலையில் அரைத் திராட்டிலில் செல்லும்போது கலவையை ரிச்சாக்கும் சோக்கைச் சற்றே இழுத்துப் பாருங்கள்; வண்டி தெளிந்து இழுத்தால் லீன் என்பது உறுதி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள், இல்லையேல் எது குணப்படுத்தியது என்று தெரியாமல் போகும்.

ஏற்காடு தோட்டத்துக்காரர்:
பட்டறை அண்ணன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். நான் மேலேயே வசிப்பவன் என்றாலும் சொல்கிறேன், ஜெட்டைச் சமவெளிக்கே பொருத்துங்கள், ஏற்காட்டுக்குப் பொருத்தாதீர்கள். மேலே சற்று ரிச்சாக ஓடினால் பிளக் கறுக்கும், இழுவை குறையும், அவ்வளவுதான். சேலத்து வெயிலில் லீனாக ஓடினால் எஞ்சின் கொதித்து பிஸ்டன் வரை கேடு வரும். பிளக் நிறத்தையும் இதனாலேயே அடிவாரத்தில் பார்க்க வேண்டும். இப்போது கிடைக்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ஜெட்டுகளில் கலவையை இன்னும் கொஞ்சம் லீனாக்குகிறது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். எங்கள் மூடுபனியிலும் மழையிலும் திறந்த கூம்பு ஃபில்டர் நனைந்து மூச்சடைப்பதை அடிக்கடி பார்க்கிறேன். பழைய பெட்டியைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம்.

அஸ்தம்பட்டி புல்லட்:
இருவருக்கும் நன்றி. சோக்கை இழுத்ததும் வண்டி உடனே தெளிந்தது. கிளிப்பை ஒரு பள்ளம் இறக்கி ஓட்டியபின் அரைத் திராட்டில் திணறல் நின்றது. பிறகு 100 ஜெட் போட்டதும் புகையும் நின்றது. இறக்கத்தில் வெடிப்பது மட்டும் தொடர்கிறது.

குகை பட்டறை:
இறக்கத்தில் திராட்டில் மூடியிருக்கும்; அங்கே நீடிலுக்கும் மெயின் ஜெட்டுக்கும் வேலையில்லை, ஐடிலிங்குக்கான பெட்ரோலையும் காற்றையும் அளக்கும் பைலட் ஜெட்டும் ஏர் ஸ்குரூவும்தான். ஆனால் அவற்றைத் தொடுமுன், சைலன்சர் மாற்றியபோது கழற்றிய பெண்ட் பைப் (புகைக்குழாய்), எஞ்சின் ஹெட்டில் சேரும் இடத்தைச் சோதியுங்கள். அங்கே கசிவிருந்தால் வெளிக்காற்று உள்ளே நுழைந்து, எரியாத பெட்ரோல் ஆவி சைலன்சரில் வெடிக்கும். ஜெட்டால் அது தீராது. எஞ்சின் குளிர்ந்திருக்கையில் கிளப்பி, இணைப்பருகே கை வைத்தால் புகை அடிப்பது தெரியும். கசிவில்லையென்றால், எஞ்சின் சூடானபின் ஏர் ஸ்குரூவைக் கால் சுற்று உள்ளே திருகுங்கள். ஐடிலிங் கெடாமல் வெடிப்பு குறைந்தால் அங்கேயே நிறுத்துங்கள். வெடிக்கிறது என்பதற்காக எஞ்சினை அணைத்து மட்டும் மலையிறங்காதீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கோடு எஞ்சினும் சேர்ந்து வண்டியைப் பிடிக்க வேண்டும்.